கூப்பிடு தூரம்

"இங்கனயே இருங்க டீச்சர், நான் போயி மலை ரயிலுக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனதிலிருந்து ஹில்டா அந்த மரப்பெஞ்சை விட்டு அசையவில்லை. எழுந்து நாலு எட்டு நடந்தால் நார்வே அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்விடாதுதான். ஆனாலும் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷமாக "அசையாம உக்காரு" என்று அதட்டிய வாய்க்குச் சொந்தக்காரி தானே அசைந்தால் எப்படி? மடியில் கைப்பை, பையின் மேல் குடை, குடையின் மேல் இரண்டு கை, வகுப்பு குரூப் போட்டோவில் நடு நாற்காலியில் இருக்கிற மாதிரி இருந்தாள். எதிரே பெர்கன் துறைமுகம். பெர்கன், பெர்கன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வகுப்பில் உலகப்படம் மாட்டினால் கம்பு எட்டாத இடம் இது, ஸ்டூல் போட்டு ஏறித்தான் தொடவேண்டும். ஏறும்போது சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், "நார்வே எங்க ஓடியா போயிரும் மிஸ், மெதுவா ஏறுங்க" என்று ஒருத்தி ஒருமுறை சொன்னாள், யார் அது, முன்பல் கொஞ்சம் எத்திக்கொண்டிருக்கும், பேர் வரவில்லை. நார்வே எங்கேயும் ஓடிப்போகவில்லை. அப்படியே இருந்திருக்கிறது, இந்தத் தண்ணீரோடு, வலது பக்கம் வரிசையாக நிற்கிற இந்தப் பழைய மரவீடுகளோடு. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, மறுபடியும் சிவப்பு, கூரையெல்லாம் முக்கோணம், நேராக நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று லேசாகச் சாய்ந்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் பக்கத்துத் தோளில் தலையைச் சாய்க்கிற மாதிரி. மழை பெய்ததா பெய்யவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. முடி வெட்டுவதற்கு முன்னால் சலூனில் தலையில் பீச்சுவார்களே, அந்த மாதிரி ஒரு ஈரம், வந்தது, போனது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மீன் வாசம் அடித்தது. தூத்துக்குடியில் அடிக்கிற அதே வாசம், ஆனால் ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்தது. கடற்பறவை ஒன்று பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தது. என்ன கொழுப்பு, நம்மூர்க் கோழியைவிடப் பெரிசு. "ஒண்ணும் இல்லம்மா, பிஸ்கட்டு அவருக்கு, சுகர் இருக்கு" என்று அதனிடம் சொன்னாள், சொல்லிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள், யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும்தான் என்ன. அவருக்கு என்றாளே, எவருக்கு? அங்கேதான் சிக்கிக்கொண்டது.

டீச்சர் என்கிறார் அவர். சார் என்கிறாள் அவள். கல்யாணம் ஆகி மாசம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் சார், டீச்சர். முதல் நாள் ராத்திரி அவர் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "டீச்சர், லைட்ட அமத்தட்டுமா?" என்று கேட்டார், அவள் "சரி சார்" என்றாள், இருட்டு வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்கக் கட்டில் ஆடியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. சிரித்தது சரி, ஆனால் காலையில் எழுந்து காபியை நீட்டும்போது என்ன சொல்வது? என்னங்க என்று ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள், நாடகத்தில் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி இருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு பழகியிருக்க வேண்டாமா, மற்றவர்களெல்லாம் இருபதில் பழகியது. தம்பி பெண்டாட்டி "ஏங்க" என்று கூப்பிட்டால் தெருமுனையிலிருக்கிற தம்பி திரும்புவான், அதில் ஒரு சொந்தம் இருக்கிறது, ஓர் அதட்டல்கூட இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் "எங்க வீட்ல" என்பாள், ஆளே இல்லாமல் வீட்டை மட்டும் சொல்லுகிற சாமர்த்தியம். "ஸ்டெல்லா அப்பா", "ரூபன் அப்பா" என்று கூப்பிடப் பிள்ளை வேண்டும், அதற்கு இனி எங்கே போக. அத்தான்? அய்யோ, கர்த்தரே, சினிமாவில் ஆற்றங்கரையில் ஓடவேண்டியிருக்கும், முட்டி வலி வேறு. அவருடைய பேரின் முதல் பாதியைச் சொல்லலாம், தேவா. வாய்க்கு அடக்கமான பேர். ஆனால் அது ரூபியுடையது, அவருடைய முதல் மனைவியுடையது. ரூபி உயிரோடு இருந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குள்ளிருந்து அந்தக் குரல் வரும், "தேவா, டீச்சர் வந்துருக்காங்க பாருங்க." சிரித்த முகம், நெற்றியில் எப்போதும் வேர்வை. அவள் போய் எட்டு வருஷம். கடைச்சுவரில் அவளுடைய படம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றப் போனார், ஹில்டாதான் "அது அங்கயே இருக்கட்டும் சார், எனக்கும் தெரிஞ்சவங்கதான்" என்றாள். படம் இருக்கலாம், கஷ்டமில்லை. ஆனால் அந்த வார்த்தையை எடுத்துப் போட்டுக்கொள்வது அடுத்தவள் பீரோவைத் திறந்து அவள் சேலையை எடுத்துக் கட்டிக்கொள்வது. முடியாது. அப்போது எனக்கென்று என்ன பேர் மிச்சம் இருக்கிறது, என்று யோசிக்க யோசிக்க அது ஒரு முள் மாதிரி அங்கேயே நின்றது. ரயிலில், விமானத்தில், ஓட்டல் லிஃப்டில் எல்லாம் அவரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவள் செருமினாள், அல்லது தோளைத் தொட்டாள். தொடுவது எளிதாக இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

முதலில் தொட்டதும் அவர்தான், தொழில் நிமித்தமாக. நாற்பது வயதில் பிள்ளைகளின் விடைத்தாள் மங்கலாகத் தெரியத் தொடங்கியபோது அந்தக் கடைக்குப் போனாள், மூக்கின் மேல் கனமான ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து, காதுக்குப் பின்னால் அதைச் சரிசெய்த விரல் குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு வில்லையாகப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா? அவசரமே இல்ல டீச்சர், நிதானமா பாத்துச் சொல்லுங்க" என்றார். அவளிடம் அதுவரை யாரும் அவசரமே இல்லை என்று சொன்னதில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு எல்லாமே அவசரம், தம்பி படிப்பு அவசரம், அவன் கல்யாணம் அவசரம், அவன் பிள்ளைகளின் காய்ச்சல் அவசரம். ரூபி போன பிறகு கொஞ்ச காலம் அந்தக் கடை பூட்டியே கிடந்தது. திறந்த பிறகு போனால் மனிதர் பாதியாக இருந்தார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார், அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பி வந்து ராத்திரியெல்லாம் அந்தப் பொத்தானையே நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறந்தான் அவளுடைய கண்ணாடியின் திருகாணி அடிக்கடி கழன்றது. கழன்றதா, கழற்றினாளா? ஊக்கு முனையை வைத்து நோண்டி, திருகாணியைச் சின்னப் பொட்டலமாக மடித்து, தானே எடுத்துக்கொண்டு போவாள், வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை செய்திருந்தால் முட்டி போட வைத்திருப்பாள். அவர் ஒன்றும் கேட்காமல் மாட்டிக் கொடுப்பார். எத்தனையாவது தடவையோ தெரியாது, மாட்டி முடித்துக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே, "டீச்சர், திருகாணி தானா கழலாது" என்றார். அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எனக்கும் அது தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு. சொன்னா வராம இருந்துருவீங்களோன்னு பேசாம இருந்தேன்." எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், "வராம இருக்கறதுக்கு ஒரு வழி இருக்கு சார், இங்கயே இருந்துட்டா வரவேண்டாம்லா" என்று சொல்லிவிட்டாள். சொன்னது யார், நானா, என்று இப்போது நினைத்தாலும் வயிற்றுக்குள் மலை ரயில் ஓடுகிறது. தம்பி கிறிஸ்டோபர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்க்கா." ஊர் சிரிக்கும். அது ஒரு பாதி நாள் வலித்தது, அப்புறம் யோசித்தாள், ஊர் சிரித்தால் ஊருக்கு நல்லதுதானே, பாவம், அதற்குத்தான் சிரிக்க வேறு என்ன இருக்கிறது. ஆனாலும் சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தபோது அவள் பாட்டுப்புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சபை போதகரான ஐயர் மேடையில் நின்று இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்து நிறுத்துவாரே, அந்த நிறுத்தம். மூன்றாம் ஞாயிறு அந்த நிறுத்தத்தில் பின்னால் யாரோ இருமினார்கள். முடிந்தது கதை, எழுந்திருக்கப் போகிறார்கள், என்ன தடை, வயசுதான் தடை, என்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ஒரு இருமல். வெறும் சளி. அந்தச் சளியை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. தம்பி கல்யாணத்துக்கு வந்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்தான், சாப்பிடாமல் போனான். அவன் போன் இன்னும் வரவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுப் போனைத் தொட்டாள், எடுத்துப் பார்க்கவில்லை, தொட்டதோடு விட்டாள்.

மூடுவதற்குள் பைக்குள்ளிருந்து பிஸ்கட்டு வாசம் வந்தது, பசித்தது, காலையில் ஓட்டலில் நடந்தது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தாள். தட்டில் பழுப்பு நிறத்தில் கட்டியாக ஒன்று வைத்திருந்தார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பால்கோவா, டீச்சர்! காலங்காத்தால பால்கோவா வைக்கான், என்ன தேசம் பாருங்க" என்று, சுகர் இருப்பதை மறந்தது போல நடித்து, கனமாக ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். அப்புறம் அந்த முகம்! விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறக்கிவிட்டு, "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் கோவத்துல உப்பள்ளிப் போட்டுக் கிண்டுன மாரி இருக்கு" என்றார். அது பாலாடைக்கட்டியாம், ஆட்டுப்பாலும் சேர்த்துச் செய்கிறார்களாம், வரவேற்பு மேஜைப் பெண் விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வந்த முதல் நாளே ஹில்டாவைப் பிடித்துப்போயிற்று. பாஸ்போர்ட்டைத் திறந்து பேரைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்து, "ஹில்டா! எங்கள் அத்தையின் பேர்! இது எங்கள் ஊர்ப் பேராயிற்றே, உங்களுக்கு எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எப்படி என்றால், அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார நர்சம்மாவின் பேர், அப்பா நன்றிக்கு வைத்துவிட்டார். வைத்தவர் போய்ச் சேர்ந்தார், பட்டது இவள்தான். இல்டா டீச்சர், கில்டா டீச்சர், தபால்காரருக்கு ஹிட்லா. மேரி, ஜெயா, கிரேஸ் என்று ஊரெல்லாம் நிறைந்திருக்கையில் அவள் பேர் மட்டும் வழி தப்பி வந்த பறவை மாதிரி தனியாக நின்றது. அது எந்த ஊரிலிருந்து வழி தப்பி வந்ததோ அந்த ஊரில் இப்போது உட்கார்ந்திருக்கிறோம், என்று நினைத்ததும் அந்தக் குளிரிலும் நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று இருந்தது. நேற்றும் இப்படித்தான். பெரிய படகில் பியார்டு பார்க்கப் போனார்கள். பனியாறு குடைந்து போட்ட பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் அது பியார்டு, என்று எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் நீலச் சாக்பீஸால் போட்டுக் காட்டியிருக்கிறாள். நீலமே இல்லை. கருப்பும் பச்சையும். இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது, உச்சியிலிருந்து அருவிகள் நூல் நூலாக விழுந்தன, படகின் இயந்திரத்தை நிறுத்தினார்கள், அத்தனை பெரிய அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை. தப்பாகப் பாடம் எடுத்துவிட்டோம், எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு மறுபடி சொல்லவேண்டும், இத்தனை உயரம் என்று நான் சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். அவர் பக்கத்தில் வந்து கைகட்டி நின்று, "டீச்சர், பாடம் எடுங்க, நான் எட்டாம் கிளாஸ்ல பூகோளத்துல பெயிலு" என்றார். மேல்தளத்தில் காற்று சேலையைப் பிடுங்க, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நிஜ மலையைக் கை நீட்டிக் காட்டி அவள் பாடம் எடுத்தாள். அவர் நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார், நல்ல சந்தேகம், அந்தப் பனியெல்லாம் எங்க போச்சு டீச்சர் என்று. இவ்வளவு சந்தோஷம் ஒரு ஆளுக்கு ஆகுமா? இதற்கெல்லாம் பின்னால் ஏதாவது வருமோ? அந்த நினைப்பு எப்போதும் இப்படித்தான், நல்லதுக்குப் பின்னாலேயே வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று? பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த குடும்பம் எழுந்து போய், வேறொரு குடும்பம் வந்து அதுவும் போய்விட்டது. மீன் சந்தைக்கு முன்னால் அக்கார்டியன் வாசித்தவர் பெட்டியை மூடிவிட்டார். டிக்கெட் எடுக்க இவ்வளவு நேரமா? மலை ரயில் நிலையம் அதோ, தெரு திரும்பினால். அவருடைய போன் ஓட்டலில் சார்ஜில் கிடக்கிறது, "எதுக்கு ரெண்டு போனு, நீங்கதான் கூட இருக்கீங்களே" என்று வைத்துவிட்டு வந்தார். சுகர் இறங்கியிருக்குமோ? காலையில் அந்தக் கட்டியைத் தவிர என்ன சாப்பிட்டார்? பிஸ்கட்டு என்னிடம் இருக்கிறது, அவரிடம் ஒன்றும் இல்லை. ஈரக் கல் பாவிய தெரு, செருப்பு வழுக்கும், இவர் வேறு புது ஷூ கடிக்கிறது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கேயாவது விழுந்து, சுற்றிக் கூட்டம் கூடி, ஆம்புலன்ஸ் வந்து, "இவருடைய பேர் என்ன, கூட யார்" என்று கேட்டு, கூட யாரும் இல்லாமல், இல்லை, இல்லை, ஹில்டா எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. கால் மரத்திருந்தது, நொண்டிக்கொண்டே நடந்தாள். ரயில் நிலையத்து வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள், உயரமான மனிதர்கள், நீலம் சிவப்பு மழைக்கோட்டுகள், மெரூன் மஃப்ளர் இல்லை. அவர் கழுத்தில் மெரூன் மஃப்ளர், அவளே பின்னியது. இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள், இல்லை. திரும்பி ஓட்டமும் நடையுமாகப் பெஞ்சுக்கு வந்தாள், நாம் அங்கே போன நேரத்தில் அவர் இங்கே வந்திருக்கலாம், பெஞ்சில் அந்தக் கடற்பறவைதான் இருந்தது. கிறிஸ்டோபர் இப்போது போன் பண்ணினால் என்ன சொல்வது? தொலைத்துவிட்டேன் என்றா? மாசம் முழுசாக முடியவில்லை, அதற்குள் ஆளைத் தொலைத்துவிட்டாள் என்றால் ஊர் நிஜமாகவே சிரிக்கும். சரி, பதறாதே, உல்லாசப் பயணத்தில் பிள்ளை ஒன்று தொலைந்தால் என்ன செய்வாய், தண்ணீர்க்கரையை முதலில் பார்ப்பாய். தண்ணீர்க்கரை. மரவீடுகள் இருந்த பக்கமாகக் கரையோரம் போனாள், தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு. அப்போதுதான் அந்தச் சின்னப் படகைக் கண்டாள், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போய் வருகிற குட்டிப் படகு, ஆட்டோவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது, கரையை விட்டுக் கிளம்பி நுரை கிளப்பிக்கொண்டு விலகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மெரூன் மஃப்ளர். அவர்தான்! மஞ்சள் மழைக்கோட்டுக் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீடு தெரியாமல் வேறு மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மனிதரைப் போல, எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

உயிர் வந்தது. வந்த உயிர் தொண்டையில் முட்டி நின்றது. கூப்பிட வேண்டும். "சார்!" என்றாள். எஞ்சின் சத்தத்தில் அது ஒரு கொசு. "சார்! சார்!" அவர் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார், இந்த ஊரில் சார் என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை, நம்மூரில் பஸ் கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரை எல்லாரும் சார். என்னங்க? அந்த வார்த்தை அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குச் செய்தது, கடலைத் தாண்டாது. படகு விலகிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அகலமாகிக்கொண்டே வந்தது. தேவா என்று ஒரு குரல் உள்ளே எழும்பியது, ரூபியின் குரலிலேயே எழும்பியது, மன்னிச்சுக்கோங்க ரூபி, அது உங்களுது, என்னிடம் வேறு ஒன்று இருக்கணும், எனக்கென்று ஒன்று இருந்தாகணும். ஓலை வாசித்தபோது ஐயர் அவர் பேரை முழுசாகச் சொன்னார், அந்தப் பயத்திலும் காதுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது. ஹில்டா குடையைக் கீழே போட்டாள். காலை அகட்டி நின்றாள். மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல், அதற்கு மேலும் ஒரு குரல் இருந்தது போலிருக்கிறது, அது இத்தனை வருஷமும் வெளியே வராமல் கிடந்தது, வந்துவிட்டது. "தேவசகாயம்!" மரவீடுகள் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. கடற்பறவைகள் மொத்தமாக எழும்பின. "தேவசகாயம்! ஏய், தேவசகாயம்! இங்க!" ஏய் என்றா சொன்னோம்? சொல்லிவிட்டோம். படகில் மெரூன் மஃப்ளர் வெடுக்கென்று திரும்பியது. அவளைக் கண்டது. ஒரு கை மேலே போனது, மற்ற கையும் போனது, ஐயோ கம்பியை விடாதீங்க என்று அவள் நினைப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷம் அடிக்குரல் பாடிய தொண்டை, எஞ்சினை அமுக்கிக்கொண்டு எழுந்தது. "ஹில்டாஆஆ!"

டீச்சர் இல்லை. ஹில்டா. அது தண்ணீர் மேல் வந்து அவளை எட்டியபோது, கரையில் திரும்பியது அவள் மட்டுமில்லை. சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போன வெள்ளை முடிக் கிழவி ஒருத்தி நின்று, "யா?" என்றாள். பச்சைத் தொப்பி போட்ட இன்னொருத்தியும் கையிலிருந்த பன்னைக் கடிக்காமல் நிறுத்தித் திரும்பினாள். இரண்டு பேரும் படகைப் பார்த்தார்கள், அங்கே ஒரு கறுத்த மனிதர் இரண்டு கையையும் ஆட்டி ஹில்டா ஹில்டா என்று கத்திக்கொண்டிருந்தார், அவரை அவர்களுக்குத் தெரியவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு சேலையில் நின்ற ஹில்டாவைப் பார்த்தார்கள். அவள் தன் நெஞ்சில் விரலை வைத்து, "ஹில்டா" என்றாள். கிழவி தன் நெஞ்சில் வைத்து, "ஹில்டா" என்றாள். பச்சைத் தொப்பி, "ஹில்டே!" என்று பன்னைத் தூக்கிக் காட்டினாள். மூன்று பேரும் நடுக்கரையில் நின்று சிரித்த சிரிப்பில் போகிறவர்கள் நின்று தாங்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மீன் சந்தைப் பக்கமிருந்து ஆரஞ்சு நிற ஏப்ரன் கட்டிய ஒருவர், நாற்பது வயதிருக்கும், கையில் ஈரக் கையுறையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னக்கா, என்ன நடந்தது? ஆரும் தண்ணிக்குள்ள விழுந்திட்டினமோ?" தமிழ்! யாழ்ப்பாணத் தமிழ்! ஹில்டா அவர் பக்கம் இரண்டு எட்டு ஓடினாள். "இல்லைங்க, ஒண்ணுமில்லைங்க, ஏன் கேக்கீங்க?" "தேவ சகாயம், தேவ சகாயம் எண்டு குளறினீங்கள். கடவுளின்ர உதவியைக் கேக்கிறியளாக்கும் எண்டு நினைச்சு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வாறன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. "அது... அது என் வீட்டுக்காரர் பேரு." வீட்டுக்காரர். சொல்லியாயிற்று, சும்மா தானாக வந்துவிட்டது. ஏப்ரன்காரர் படகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் முழுக்கச் சிரிப்பானார். "நல்ல பேர். உங்களுக்கு எப்ப கூப்பிட்டாலும் ரெண்டு பேர் வருவினம். பயப்பிடாதேங்கோ அக்கா, அந்தப் படகு அங்கால முட்டிப்போட்டு இப்ப திரும்பி வந்திடும். ஆள் எங்கயும் போகேலாது." கீழே கிடந்த குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கடையில் ஆள் நிற்குது என்று ஓடினார். பேர் கேட்க மறந்துவிட்டோம் என்று அவளுக்கு அப்புறந்தான் உறைத்தது.

படகு அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அது வருகிற நேரத்தை அவள் அவசரப்படுத்தவில்லை. மேகம் எங்கேயோ ஒரு ஓரத்தில் கிழிந்து வெயில் வந்தது, ஊரே அந்த வெயிலுக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டது போல முகத்தையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டது, மரவீடுகளின் சிவப்பு தண்ணீரில் ஆடியது. கரையில் வந்து இடித்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை, இறங்கலாமா என்று கேட்பவர் போலக் கம்பியருகே நின்றார். ஹில்டா யோசிக்கவில்லை, அதுதான் வேடிக்கை, எல்லாவற்றையும் யோசிக்கிறவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கும் படகுக்கும் நடுவில் இருந்த கறுப்புத் தண்ணீரைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள், படகோட்டி கை கொடுத்தார். "அந்தா வரிசையா நின்னாக, நானும் போயி நின்னேன்" என்று அவர் ஆரம்பித்தார், "மலை ரயிலுக்குத்தான் நிக்காகன்னு நெனச்சேன். வரிசை நவுந்துச்சு, நானும் நவுந்தேன். பாத்தா காலுக்குக் கீழ தரை ஆடுது. பதறிட்டீங்களோ?" அவள் பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். "சாப்பிடுங்க மொதல்ல." சாப்பிட்டார். படகு மறுபடி கிளம்பியது, அவர்களோடு இன்னும் நாலைந்து பேர்தான். "மலை?" என்று வாய் நிறையப் பிஸ்கட்டோடு கேட்டார். "மலைக்கு மத்தியானம் போவோம்." தண்ணீர்த் துளி முகத்தில் தெறித்தது, உப்பு. பிறகு அவர் மஃப்ளரின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அவள் பக்கம் பாராமல் சொன்னார், "எங்கய்யா வச்ச பேரு அது. முழுசா யாரும் கூப்பிட்டுக் கேட்டு ரொம்ப காலமாச்சு. தண்ணி மேல வரும்போது நம்ம பேருதானான்னு ஆயிட்டு எனக்கு." "ஏய்னு வேற சொல்லிட்டேன், கோவமா?" "ஏய்தான் நல்லா இருந்துச்சு." சிரித்தார். "இன்னொருக்கா கூப்பிடுங்களேன்." "இப்பவா? பக்கத்துலதான நிக்கீங்க." "அதுக்குத்தான்." என்ன சோதனை இது, துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்தியவளுக்கு ஒரு முழ தூரத்தில் வாய் வரவில்லை, கழுத்தெல்லாம் கூசுகிறது, படகோட்டி பார்க்கிறாரா, பார்க்கவில்லை, பார்த்தாலும் அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹில்டா கம்பியைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ரொம்பத் தாழ்ந்த குரலில், அப்படி ஒரு குரல் தன்னிடம் உண்டென்று அவளுக்கே தெரியாத குரலில் சொன்னாள்.

"தேவசகாயம்."

"உம்?" என்றார் அவர், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் போல, காலங்காலமாக அவள் கூப்பிட, இப்படியே உம் கொட்டிவருகிறவர் போல.

"ஒண்ணுமில்ல," என்றாள் ஹில்டா. "சும்மாதான்."